எட்டாவது கோட்டுக்கு மேல்

கண்ணாடி பாட்டிலில் குளுக்கோஸ் ஏற்றிய காலம் நம் வயதுக்காரர்களுக்குத்தான் நினைவிருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பியில் தலைகீழாகத் தொங்கும். தடித்த கண்ணாடி, கழுத்தில் ரப்பர் மூடி, உடம்பில் வரிசையாகக் கோடுகள். காலியானதும் அதை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். கம்பவுண்டருக்கு வேண்டியவர்கள் வீட்டில் அது மண்ணெண்ணெய் பாட்டிலாகவோ விளக்கெண்ணெய் பாட்டிலாகவோ மறுபிறவி எடுக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அது மழைமானியாக வந்து சேர்ந்தது.

இப்போதும் பிள்ளைகள் மழைமானி செய்கிறார்கள். மூலக்குளத்தில் என் மகன் வீட்டு மாடியில் பேத்தி போன மாதம் ஒன்று செய்தாள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கத்தரிக்கோல், கொஞ்சம் டேப். வெட்டிய மேல்பாதியைக் கவிழ்த்து வைத்தால் புனலாகிவிடுகிறது. பத்து நிமிடத்தில் முடித்து, போட்டோ எடுத்துப் பள்ளிக்கூட குரூப்பில் போட்டுவிட்டு, மறந்தும் போனாள். நாங்கள் எங்களுடையதைச் செய்ய ஒரு வாரம் ஆனது. அதை மறக்க எனக்கு ஐம்பது வருடம் போதவில்லை.

புதுச்சேரிப் பக்கம் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். மேலே ஏரிக்கரை, அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் பள்ளக்காடு என்று சொல்லும் தாழ்ந்த வயல்கள். இன்று அந்தப் பள்ளக்காட்டில் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். அடைமழையில் மனை விற்கிறவர்களின் விளம்பரப் பலகை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும், போகும்போது பார்த்துச் சிரித்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் ஏரித்தண்ணீர் வயலுக்கு இறங்க ஒரே வழி மதகுதான். அதைத் திறந்து மூட ஊர் வைத்த ஆள் ஒருவர் இருந்தார். மதகுக்காரர் என்றே எல்லோரும் சொல்வோம். மதகைத் திருகும் இரும்புப் பிடி அவர் வீட்டில்தான் இருக்கும். அறுவடைக்கு அறுவடை ஒவ்வொருவர் களத்திலும் அவருக்கு நெல் கட்டு உண்டு. அந்தக் குடும்பம் அதில்தான் ஓடியது.

அவருடைய மகள் ஆறாம் வகுப்பில் எனக்குப் பக்கத்து இடம். என் தோழி என்றால் அவள் ஒருத்திதான். ஏரிக்கரை மேலேயே நடந்து பள்ளிக்கூடம் வருவாள். பாவாடை ஓரமெல்லாம் ஒட்டுப்புல் அப்பியிருக்கும். முதல் மணி அடிக்கும்வரை இருவரும் உட்கார்ந்து அதைப் பிடுங்கிக் கொண்டிருப்போம்.

அந்த வருடம் எங்களுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். புதுச்சேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். இருபத்திரண்டு வயது இருக்கலாம். எங்களுக்கு அப்போது பெரிய மனுஷியாகத் தெரிந்தார், இப்போது நினைத்தால் சின்னப்பெண். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் வகுப்புக்குள் வந்ததும், "நேத்து எவ்வளவு மழை பெஞ்சுது, யாராவது சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

"ஒரு ஒழவு மழ டீச்சர்" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன்.

"எங்க வூட்டு ஒரலு பாதி ரொம்பிச்சி டீச்சர்" என்றாள் என் தோழி.

டீச்சருக்கு இரண்டும் புரியவில்லை. ஏர் பூட்டுகிற அளவுக்கு மண் நனைந்தால் அது ஓர் உழவு மழை என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தி விளக்கினோம். வாசலில் கிடக்கும் கல் உரலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தும் ஊரில் மழையைச் சொல்வார்கள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்க வீட்டு உரலும் அவங்க வீட்டு உரலும் ஒரே சைஸா? ஊருக்கெல்லாம் ஒரே அளவு இருந்தாத்தானே அது அளவு?" என்று கேட்டுவிட்டு, கரும்பலகையில் ஒரு பாட்டில் படம் வரைந்தார்.

கம்பவுண்டரிடம் கேட்டு மூன்று குளுக்கோஸ் பாட்டில்கள் வாங்கி வந்தோம். மேல்பகுதி குறுகலாக இருந்தால் மழை சரியாக விழாது, தோள்பட்டைக்குக் கீழே அறுத்துவிட வேண்டும் என்றார் டீச்சர். பருத்தி நூலை மண்ணெண்ணெயில் முக்கிப் பாட்டிலைச் சுற்றிக் கட்டி, பற்றவைத்து, நெருப்பு ஒரு சுற்றுச் சுற்றி அணைகிற நேரத்தில் வாளித் தண்ணீரில் முக்க வேண்டும். முதல் பாட்டில் வாளிக்குள்ளேயே சில்லுச் சில்லாகப் போனது. இரண்டாவது விரிந்து, கோணல் மாணலாக உடைந்தது. மூன்றாவதற்கு டீச்சரே நூல் கட்டினார். மண்ணெண்ணெய் வழுக்கி நூல் இரண்டு விரல் அளவுக்குக் கீழே நழுவிவிட்டது. அவிழ்த்துக் கட்டலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு அவசரக்காரன் தீக்குச்சியைக் கிழித்துவிட்டான். டக்கென்று ஒரு சத்தம், அழகாக வட்டமாக அறுந்து வந்தது. நாங்கள் குதித்த குதியில் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாட்டில் குள்ளமாகத்தான் வந்தது. இருந்தாலும் அது எங்களுக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. விளிம்பைத் துணி துவைக்கும் கல்லில் தேய்த்து மழுக்கினோம். அடியில் குழி இருந்ததால் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றிச் சமன் செய்தோம். வெள்ளை பிளாஸ்திரியை நெடுக ஒட்டி, சமன் செய்த இடத்திலிருந்து சென்டிமீட்டர் சென்டிமீட்டராகக் கோடு போட்டோம். ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டே போனால் எட்டாவது கோடு விளிம்பில் வந்து நின்றது. கோடுகள் நனையாமல் இருக்க அதன் மேலும் மெழுகு தேய்த்தோம். அந்த மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை இப்போதும் மின்சாரம் போய் மெழுகுவத்தி ஏற்றினால் எனக்கு வந்துவிடுகிறது.

மைதானத்தில் மரத்துச் சொட்டு விழாத இடமாகப் பார்த்து, மூன்று செங்கல்லுக்கு நடுவில் பாட்டிலைச் செருகி, ஆடு வராமல் முள் வேலி போட்டோம். தினமும் காலை எட்டரைக்கு அளவு பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். எங்கள் வீடு பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டி இருந்ததால் அந்தப் பொறுப்பை டீச்சர் எனக்குத் தந்தார். விடுமுறை நாட்களிலும் நான்தான். கூட என் தோழி. டீச்சர் ஒன்றை மட்டும் விரலை ஆட்டிச் சொன்னார்:

"பெரிய மழை வந்தா எட்டரை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பாட்டில் நிரம்பறதுக்கு முன்னாடியே போய்ப் பார்த்து, குறிச்சுக்கிட்டு, கொட்டிட்டு வெச்சிடணும். அப்புறம் ரெண்டையும் கூட்டிக்கலாம். புரிஞ்சுதா?"

புரிந்தது. எனக்கு எல்லாமே சட்டென்று புரிந்துவிடும். அதுதான் என் பெரிய திமிராக அப்போது இருந்தது.

பழுப்புத்தாள் அட்டை போட்ட அந்த நோட்டு ஒரே மாதத்தில் ஊரில் பெரிய ஆளாகிவிட்டது. டீக்கடை வழியாகப் போனால், "பாப்பா, நேத்து எத்தினி?" என்று கேட்பார்கள். "ரெண்டரை" என்று நடந்துகொண்டே சொல்வேன். அப்பா கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஏதோ மனு கொடுக்கப் போனபோது அங்கேயும் எங்கள் மழைமானியைப் பற்றிப் பெருமை அடித்துவிட்டு வந்தார். ஒரு நாள் வெயில் காயும் காலையில் பாட்டிலில் மூன்று சென்டிமீட்டர் இருந்தது. மோந்து பார்த்த என் தோழி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எவனோ வேலிக்கு மேலாகக் குறிபார்த்திருக்கிறான். அந்த அளவை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு சென்டிமீட்டர். ஆறைப் பார்த்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு மழைக்கும் பள்ளக்காட்டில் மறுநாளே தண்ணீர் வடிந்துவிட்டது. நட்டு இருபது நாள் ஆன நாற்று, பச்சை பிடித்து நின்றது. எங்கள் வீட்டுக்கும் அங்கே நிலம் இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் பார்த்தபோது பாட்டில் காலி. பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தது. காற்றும் இடியும் இல்லாமல் ஒரே சீராகக் கொட்டியது. எதிர்வீடு தெரியவில்லை. அம்மா வேர்க்கடலை அவித்து முறத்தில் கொட்டியிருந்தார். சித்தி வீட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். தாயம் ஆடினோம், நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஒரு தரம் மழைமானி ஞாபகம் வந்தது. இந்த ஆட்டம் முடியட்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் இன்னொரு தரம் வந்தது. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினால் இருபது தப்படி தூரம். எழுந்திருக்கவில்லை. மழையில் போகக்கூடாது என்று அம்மா தடுத்ததாகப் பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா தடுக்கவில்லை. நான் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை விடியும்போது மழை விட்டிருந்தது. எட்டரைக்குப் போனால் என் தோழி எனக்கு முன்பே வேலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு.

"இங்க வந்து பாருடி" என்றாள்.

பாட்டில் விளிம்பு முட்ட நின்றது. விளிம்புக்கு மேலேயும் தண்ணீர் மெல்லியதாகப் புடைத்துக்கொண்டிருந்தது. அவள் செங்கல்லை லேசாகத் தொட்டாள், ஓரமாக வழிந்தது.

"ரொம்பி வழிஞ்சி கெடக்குது. எப்ப ரொம்பிச்சோ, எத்தினி போச்சோ. நேத்து நீ வந்து பாக்கலியா?"

நான் நோட்டைத் திறந்தேன். எட்டு என்று எழுதினேன்.

"எட்டா? வழிஞ்சி போனது?"

"கோடு எட்டுதான இருக்குது. இருக்குறதத்தான எழுத முடியும்?"

"டீச்சர் கிட்ட சொல்லிடலாம்டி."

"சொன்னா என்னை எடுத்துடுவாங்க. நோட்ட வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. நீ யாருக்கும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

"அப்படி இல்ல. உங்கம்மா மேல பண்ணு."

நம் காலத்துப் பிள்ளைகளுக்கு இதன் கனம் தெரியும். அம்மா மேல் செய்த சத்தியத்தை மீறினால் அம்மா செத்துப்போவாள். அதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. அதிலும் அவள் அம்மா அப்போது பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாமல் காய்ச்சலில் கிடந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். அவள் என் உள்ளங்கையில் அடித்து, "எங்கம்மா மேல சத்தியம்" என்றாள். பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டினேன்.

டீச்சர் வந்து நோட்டைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். "எட்டா! நடுவுல மத்தியானம் போய்ப் பார்த்தியா?"

"பாத்தேன் டீச்சர். கொஞ்சந்தான் இருந்திச்சி."

"வெரி குட்" என்றார். என் தோழி ஒட்டுப்புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த மழையில் பள்ளக்காடு முழுகியது. மூன்று நாள், நான்கு நாள் ஆகியும் தண்ணீர் வடியவில்லை. ஐந்தாம் நாள் நாற்று அழுகிய நாற்றம் எங்கள் வீடு வரைக்கும் வந்தது. அப்பா வரப்பில் நின்று ஒரு பிடி நாற்றைப் பிடுங்கினார், வேர் கையோடு கூழாக வந்தது. மறுபடி நட நாற்றும் இல்லை, பருவமும் இல்லை. அவர் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

பள்ளக்காட்டில் அதிக நிலம் வைத்திருந்தவர் எனக்குப் பெரியப்பா முறை. அவர்தான் முதலில் ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை மழைக்கு நிற்காத தண்ணீர் இதற்கு மட்டும் எப்படி நிற்கும், மதகுக்காரர் மதகைத் திறந்துவிட்டிருக்கிறார், மேட்டு வயல்காரர்கள் யாரோ கேட்டு இவர் திறந்து, பிறகு மூட மறந்திருக்கிறார் என்றார். இரண்டு நாளில் ஊர் முழுக்க அதையே பேசியது. "எம் பொண்ணுதான் மழைய அளந்து எழுதி வெச்சிருக்குதே, அதப் பாத்தா தெரிஞ்சிடும்" என்று சொன்னவர் என் அப்பா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மதகுக்காரர் மேல் வீண்பழி விழக்கூடாது என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வாரச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலேயே கூடினார்கள். பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் எங்கள் குட்டைப் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். டீச்சர் லீவு நாளிலும் எங்களுக்காக பஸ் பிடித்து வந்திருந்தார். மதகுக்காரர் வாசற்படிக்கு வெளியே நின்றார். இரும்புப் பிடியைக் கையோடு கொண்டு வந்திருந்தார். அவரை உள்ளே வரச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அன்று எனக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை.

டீச்சர் நோட்டைப் பிரித்துப் படித்தார். "செவ்வாய்க்கிழமை ஆறு சென்டிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சது எட்டு."

பெரியப்பா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு சென்டிமீட்டர்! இத்தினி ஒசந்ததுக்குப் பள்ளக்காடு முழுவிடுமா? இன்னாப்பா சொல்ற?"

மதகுக்காரர் குரலை உயர்த்தவில்லை. "நான் மதகத் தொடலைங்க. மானத்துத் தண்ணிதான் நின்னுது. எங்க வூட்டு ஒரலு ரொம்பி வழிஞ்சி வாசலெல்லாம் ஓடிச்சி."

"உன் ஒரல்ல கூரைத் தண்ணி வுழுந்திருக்கும். இங்க படிச்சவங்க அளந்து எழுதி வெச்சிருக்காங்க, நீ ஒரலு கணக்குச் சொல்ற" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

மதகுக்காரர் நோட்டைப் பார்த்தார். அப்புறம் திரும்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நோட்டுல அப்படி இருந்தா நான் இன்னா சொல்றதுங்க" என்றார். அவ்வளவுதான்.

வழிந்தது, அது எட்டு இல்லை, எட்டுக்கு மேலே எவ்வளவோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா என் தோளில் கையை வைத்து, பக்கத்தில் இருந்தவரிடம், "எல்லாம் இது எழுதினதுதான்" என்றார். ஒரு வாரமாகப் படுத்தே கிடந்த மனிதர் அப்போதுதான் முகம் மலர்ந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். பயத்தில் மூடவில்லை. பெருமையில் மூடினேன். அதுதான் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

டீச்சர் கையாலேயே அறுத்த பாட்டில் அது. அதில் மொத்தமே எட்டுக் கோடுதான் என்று அவருக்குத் தெரியும். எட்டு எழுதியிருந்தால் பாட்டில் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். அது அவருக்கு ஏன் உறைக்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட "பாட்டில் நிரம்பிச்சா?" என்று கேட்கவில்லை. எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். நோட்டில் எண் இருந்தது, எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.

மதகுக்காரர் இரும்புப் பிடியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வேறு ஆள் மதகுக்கு வந்தார். ஒரு மாதம் என் தோழி பள்ளிக்கூடம் வந்தாள், என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், பேசவில்லை. பொங்கலுக்கு முன்பே அவர்கள் குடும்பம் திருபுவனைப் பக்கம் சொந்தக்காரர் ஊருக்குப் போய்விட்டது. அவர்கள் வீட்டு உரலை யாரோ உருட்டிக்கொண்டு போனார்கள்.

அதற்கு அப்புறம் ஒரு மழையில் பாட்டில் நிரம்பியபோது நான் நோட்டில் "எட்டுக்கு மேல்" என்று எழுதினேன். டீச்சர் அதை அடித்துவிட்டு, "நம்பர் எழுதும்மா, கதை எழுதாதே" என்றார். நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். அடுத்த வருடக் கார்த்திகையில் புது மதகுக்காரர் மதகை இறுக மூடி வைத்திருந்தும் பள்ளக்காடு முழுகியது. "பள்ளம்னா தண்ணி நிக்கத்தான் செய்யும்" என்று பெரியப்பாவே சொன்னார். பழைய மதகுக்காரரைத் திரும்பக் கூட்டி வரலாமா என்று அப்பா ஒரு தரம் கேட்டதாக ஞாபகம். யாரும் போகவில்லை. நானும் சொல்லவில்லை. படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். எதைச் செய்யும்போதும் சொல்லியிருக்கலாம்.

போன ஐப்பசியில் வில்லியனூரில் ஒரு லேபுக்குச் சர்க்கரை பார்க்கப் போயிருந்தேன். நமக்கெல்லாம் இப்போது இதுதானே திருவிழா. வெறும் வயிற்றில் ஒரு தரம் ரத்தம் எடுத்துவிட்டு, எதிர் ஓட்டலில் இட்லி சாப்பிட்டு வந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே மழை. லேப் பெண் ஒரு பேரைக் கூப்பிட்டாள், எனக்கு முதுகில் யாரோ தட்டியது போல இருந்தது. பருத்த உடம்பும் வெள்ளை முடியுமாக எழுந்தவள் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊர்ப் பேரைச் சொல்லி, நீதானா என்று கேட்டேன்.

"அய்ய, நீயா! இன்னாடி இப்படி எளச்சிப்பூட்ட?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் வீட்டில் இருக்கிறாளாம். மருமகன் திருபுவனையில் ஏதோ கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவள் அப்பாவும் கடைசி வரை அந்தப் பக்கத்திலேயே ஒரு செங்கல் சூளையில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் பேர் வந்ததும் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தாயம் ஆடியது, வாயைத் திறந்தது, மூடியது எல்லாம். உங்கள் குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டவள் நான்தான் என்று சொன்னேன். அவள் அழுவாள், இல்லை எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒருத்தின்னு நெனச்சிக்கினு இருக்குற. அன்னிக்கிக் கூட்டத்துக்குப் பொறப்படறதுக்கு முன்னாடி எங்கப்பா என்னைக் கூப்ட்டுக் கேட்டாரு. 'அந்தப் பாட்டிலு ரொம்பி வழிஞ்சிச்சாம்மா?'ன்னு."

அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் படிக்காதவர், வீட்டிலேயே கேட்டிருக்கிறார்.

"நீ இன்னா சொன்ன?"

"இல்லன்னேன். உள்ள அம்மா காச்சல்ல அனத்திக்கினு கெடக்குது. சத்தியம் பண்ணிட்டனே. வேற இன்னா சொல்லுவேன்? எம்மேல இருந்த நம்பிக்கையிலதான் அவரு அங்க பாட்டிலப் பத்தி வாயத் தொறக்கல. நான் ஆமான்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு."

ஐம்பது வருடமாக நான் என்னை மட்டுமே திட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு வயதில் அவள் தலையில் நான் ஏற்றி வைத்தது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்புறமாவது அவர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"அம்மா இருக்குற வரைக்கும் சொல்லல. அம்மா போயி, கருமாதியெல்லாம் முடிஞ்சி, வூட்ல நானும் அவரும் மட்டும் இருந்தப்ப சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"'அந்தப் பொண்ண எங்கனா பாத்தா இதச் சொல்லாத, மனசு ஒடிஞ்சிடும்'னாரு."

லேப் பெண் என் பேரைக் கூப்பிட்டாள். எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் ரப்பர் பட்டையைக் கட்டி, பஞ்சால் துடைத்து, ஊசியைக் கையில் எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, இன்னும் குத்தவே இல்ல. அதுக்குள்ள அழுவுறீங்க?"